உன் ரூம் இப்ப சாயப்பட்டறை

பாப்பா,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன்மா. இங்க கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு யாருக்கும் தெரியல, போன் சார்ஜ் ஏறி நெட்டும் கிடைக்கற நேரமா பாத்து மொத்தமா எழுதிரலாம்னு உக்காந்திருக்கேன், எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காத. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்கம்மா சொல்லிருக்க மாட்டா. உன் ரூம் இப்ப உன் ரூம் இல்ல. கட்டில கழட்டி பின்பக்கம் சாத்தியாச்சு, ஜன்னலோரம் கால் மெஷின், மூலைல மூடி போட்ட வாளிங்க, சுவத்துக்கு சுவர் குறுக்க நைலான் கயிறு. உன் புக்கெல்லாம் டிரங்குப் பெட்டில கற்பூரம் போட்டு பத்திரமா இருக்கு, கத்தாத. நீ வந்தா ஹால்ல படுத்துக்கலாம், காத்தும் நல்லா வரும்.

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். உன் ஆபிஸ் பொண்ணுங்க நான் துண்டுத்துணி சேத்து தைக்கற குயில்ட் போட்டோவப் பாத்து ஆசைப்படறாங்க, எல்லாருக்கும் ஒரே சைஸ்ல, சோபாவுக்கு மேட்ச்சா கிரே கலர்ல செஞ்சு குடுத்தா நல்ல காசு தருவாங்கன்னு சொன்ன. செய்ய மாட்டேன்மா. கோவமெல்லாம் இல்ல, அந்தப் பொண்ணுங்க மேலயும் தப்பு இல்ல. ஆனா யோசிச்சுப் பாரு, ரங்கூன்ல தெய்ன்ஜி ஜே மார்க்கெட் பின்னாடி சந்துல கடை போட்ட நாள்லேந்து நான் தைச்சதெல்லாம் அடுத்தவன் அளவு. ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி பச்சைக் கைலியும் வெள்ளைச் சட்டையும் மலையா குவிஞ்சு கெடக்கும், உனக்கே ஞாபகம் இருக்கும், அந்தக் குவியல் மேல படுத்துதான நீ தூங்குவ. தோள் எவ்ளோ, மார் எவ்ளோ, கை நீளம் எவ்ளோ, ஒரு இஞ்ச் கூடினாலும் திருப்பிக் கொண்டாந்துருவாங்க. இப்பதான் யாரும் அளவு குடுக்காம தைக்கறேன். அத மறுபடியும் ஆர்டர் நோட்டுல எழுத வைக்காத.

கடைய மூடினப்போ மூட்டை மூட்டையா வெட்டுத்துண்டு இருந்துச்சு, உங்கம்மா தூக்கிப் போடச் சொன்னா, மனசு வரல, அவ்ளோதான் ஆரம்பம்.

நீ அந்த அமெரிக்கா வீடியோ அனுப்பின பாரு, அலபாமால கீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, ஆத்து வளைவுல இருக்கற ஊரு, அங்க கறுப்பினப் பொம்பளைங்க வயக்காட்டுல போட்டுக் கிழிஞ்ச பேண்ட்டு சட்டையெல்லாம் வெட்டி போர்வை தைச்சிருக்காங்க. முட்டி கிட்ட நிறம் ஒரு மாதிரி, பாக்கெட்ட பிரிச்ச எடத்துல நீலம் வேற மாதிரி, அந்த வித்தியாசத்த மறைக்காம அப்படியே வச்சிருக்காங்க. கோடு ஒண்ணும் நேரா இல்ல. எனக்கு முதல்ல கை அரிச்சுது, பிரிச்சு நேரா தைக்கணும்னு. அப்புறம் திரும்பத் திரும்பப் பாத்தேன், அது தெரியாம கோணலா போன தையல் இல்ல பாப்பா, கோணல எங்க நிறுத்தணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. 2002ல நியூயார்க்ல விட்னி மியூசியத்துல அதையெல்லாம் மாட்டி வச்சாங்களாம், 2006ல அமெரிக்கா தபால் ஸ்டாம்ப்லயே வந்துருச்சு. அதே மியூசியத்துல 1971லயே பழைய குயில்ட்டுகள பெயின்டிங் மாதிரி சுவத்துல மாட்டிக் காட்டியிருக்காங்க, அதுக்கு அப்புறம்தான் போர்வைன்னு இருந்தத கலைன்னு ஊரு நிறைய பேச ஆரம்பிச்சுது. நம்ம மாண்டலேக்காரனுக்கு இது என்ன புதுசு, வெல்வெட்டுல துணி வெட்டி ஒட்டி, அடில பஞ்சு வச்சு புடைக்க விட்டு, ஜரிகையும் ஜிகினாவும் போட்டு ராமாயணக் கதைய திரையா தைக்கறானே, ஷ்வே ச்சி டோ, அத டூரிஸ்டுக்கு மட்டும்னு நாம விட்டுட்டோம்.

சாய விஷயம் கேட்டியே, உன் பிளாட்டுலயும் செஞ்சு பாக்கணும்னு. சொல்றேன், இது கொஞ்சம் நீளும்.

துணிய முதல்ல சோதி. கடைக்காரன் பருத்தின்னுதான் சொல்லுவான். ஓரத்துல நாலு நூல் உருவி நெருப்பு வை, பேப்பர் எரியற வாசனை வந்து சாம்பலா உதிர்ந்தா பருத்தி, உருகி முத்தா கட்டிக்கிச்சுன்னா பாலியஸ்டர். என் வெள்ளைச் சட்டைத் துண்டெல்லாம் டெட்ரான், அதாவது பாலியஸ்டர் கலப்பு, அதுல பருத்தி இருக்கற அளவுக்குதான் சாயம் ஏறும், மிச்சம் வெள்ளையாவே நிக்கும், அதனால எந்த நிறம் போட்டாலும் வெளுத்த மாதிரிதான் வரும். நான் அத வேணும்னே வச்சிருக்கேன், பனி மூட்டம் காட்டறதுக்கு அதவிட நல்ல துணி கிடையாது. அப்புறம் புதுத்துணில கஞ்சி இருக்கும், சோப்பும் சோடாவும் போட்டு கொதிக்க வச்சு அத எடுக்காம சாயத்துல போட்டா திட்டுத்திட்டா வரும்.

நீ அங்கேந்து அனுப்பின பவுடர் சாயம் இருக்கே, ப்ரோசியான், அது 1956ல இங்கிலாந்து ஐ.சி.ஐ கம்பெனி கொண்டு வந்த ஜாதி. பழைய சாயம் மாதிரி நூல் மேல ஒட்டிக்கிட்டு நிக்கறது இல்ல, பருத்தியோட சேர்ந்தே போயிடுது, அதனாலதான் எத்தன தடவ துவைச்சாலும் நிக்குது. அதுக்கு சூடு வேணாம், காரம் வேணும், அதாவது சோடா ஆஷ், ஆப்பசோடா இல்ல, அது வேற. லிட்டர் தண்ணிக்கு 60 கிராம் பக்கமா கரைச்சு துணிய அரை மணி நேரம் ஊற விட்டு, பிழிஞ்சு, சாயத்த ஊத்தி பிளாஸ்டிக்குல சுத்தி ஒரு ராத்திரி வச்சிரு. குளிர் நாட்டுக்காரங்க இதுக்கு ஹீட்டர் எல்லாம் போடறாங்களாம், நமக்கு ரங்கூன் வெயிலே போதும், உனக்கும் சிங்கப்பூர்ல அந்தக் கவலை இல்ல. ஏசி ரூம்ல மட்டும் வைக்காத. டர்காய்ஸ் நிறம் மட்டும் சோம்பேறி, அதுக்கு நேரம் கூட குடு. அலசும்போது முதல்ல பச்சத்தண்ணி, காரம் போன பிறகுதான் வெந்நீர். காரத்தோட கலந்த சாயம் கொஞ்ச நேரம்தான் உயிரோட இருக்கும், மிஞ்சினத எடுத்து வச்சு நாளைக்குப் போடலாம்னு நினைக்காத, நிறம் தெரியும் ஆனா துணில நிக்காது.

பவுடரக் கலக்கும்போது மாஸ்க் போடு, பேன ஆஃப் பண்ணு. அந்தத் தூள் மூச்சுல போனா சில பேருக்கு அலர்ஜியாகி அப்புறம் வாழ்க்கை பூரா ஆகாம போயிடும். சமைக்கற சட்டி, கரண்டி, அளக்கற கப்பு ஒண்ணையும் தொடாத, தனியா வாங்கிக்க. உன் பிளாட்டு கிச்சன்ல செய்யறதா இருந்தா நான் ஒத்துக்க மாட்டேன், பாத்ரூம்ல செய். மாப்பிள்ளை ஏதாச்சும் சொன்னா என் பேர சொல்லு.

இதெல்லாம் சொல்லிட்டு நான் என்ன பண்றேன்னா, காசுக்கட்டிலதான் மனசு நிக்குது. வெத்தலைக்குப் போடறமே அதே காசுக்கட்டி. நம்ம பர்மா காட்டு மரத்தோட வைரம் பாய்ஞ்ச நடுக்கட்டைய சீவிக் கொதிக்க வச்சு இறுக்கி எடுக்கறது, ஒரு காலத்துல கப்பல் கப்பலா வெளிநாடு போச்சு, மீன் வலைக்கும் கப்பல் பாய்க்கும் தோல் பதப்படுத்தவும். கட்டிய உடைச்சு ராத்திரி வெந்நீர்ல போட்டு வடிகட்டி அதுல துணிய கொதிக்க வச்சா செங்கல் பழுப்பு. அதுலயே துவர்ப்பு இருக்கறதால கடுக்காய் தனியா வேணாம். கொஞ்சூண்டு அன்னபேதி, இரும்பு உப்புதான், அத கரைச்ச தண்ணில முக்கினா பாத்துக்கிட்டு இருக்கும்போதே இருண்டு களிமண் சாம்பல் நிறத்துக்கு இறங்கிடும். அன்னபேதி ஜாஸ்தியானா துணி நாள்பட இத்துப் போகும், அதனால சிட்டிகைதான். பச்சைக் கைலித் துண்டு மேல காசுக்கட்டி போட்டா என்ன நிறம் வருது தெரியுமா, மழை முடிஞ்ச வயல்ல தண்ணி வடிஞ்சு நிக்குமே அந்த நிறம். ஸ்கூல் யூனிபாரம்னு யாரும் கண்டுபிடிக்க முடியாது.

மஞ்சளுக்கு பலாமரம். ஆசாரி கிட்ட சீவல் சும்மாவே கிடைக்குது. பொங்கிகளோட, அதான் புத்த பிக்குகளோட, சீவர ஆடைக்கு அந்தக் காலத்துல இதுலதான் சாயம் போட்டாங்க. இதுக்கு மட்டும் பருத்திய முதல்ல கடுக்காய்த் தண்ணில ஊறப் போட்டு அப்புறம் படிகாரம், துணி 100 கிராம்னா படிகாரம் 15 கிராம். உங்கம்மா மஞ்சத்தூள் போடலாமேன்னா, போட்டா அன்னிக்கு ஜோரா இருக்கும், வெயில்ல வச்சா ஒரு வாரத்துல ஓடிடும். தண்ணி பெரிய பிரச்சனை இங்க. நம்ம குழாய்க்கிணத்துத் தண்ணில இரும்பு கலந்திருக்கறதால மஞ்சள் அழுக்கு பிடிச்ச மாதிரி மங்கிடுது, அதனால மஞ்சள் வேலை பூரா மழைத்தண்ணிலதான், கூரைலேந்து டிரம்முல பிடிச்சு வச்சுக்கறேன். மழைக்காலத்துல தண்ணி இருக்கு, காய வைக்க வெயில் இல்ல. வெயில் காலத்துல வெயில் இருக்கு, தண்ணி இல்ல. இதுக்கு நடுவுல கெடைக்கற கொஞ்ச நாள்ல ஓட வேண்டியிருக்கு.

தைக்கறதப் பத்தி உனக்கு என்ன சொல்ல, என் மடில உக்காந்து பாபின் சுத்தினவ. கரண்ட் போனாலும் கால் மெஷினுக்குக் கவலை இல்ல, தெரு பூரா இருட்டுல கெடக்கும், நம்ம வீட்டுல சார்ஜர் லைட்டு போட்டு கடகடன்னு ஓடும். ஊசிக்குக் கீழ துணிய நகர்த்தற பல்ல இறக்கி விட்டுட்டு துணிய ரெண்டு கையால நானே நகர்த்தி தைக்கறேன், அப்ப தையல் நீ இழுத்த எடத்துக்குப் போகும், பென்சில்ல கிறுக்கற மாதிரி. வேகமா கைய இழுத்தா தையல் நீளமாகும், மெதுவா இழுத்தா நெருங்கும், காலும் கையும் ஒத்துப்போகணும். ஊசி 14 நம்பர். உள்ள வைக்க இலவம் பஞ்சு பாத்தேன், ஒரு பக்கமா ஒதுங்கிடுது, அதனால பழைய பிளானல் துணி ஒரு அடுக்கு, சுவத்துல மாட்டறதுக்கு அதுவே போதும். பின்னாடி மேல் ஓரத்துல 4 இஞ்ச்சுக்கு குழாய் மாதிரி ஒரு பட்டை தைச்சு அதுக்குள்ள மூங்கில் கம்ப விட்டா சுருங்காம தொங்கும். ஆணி அடிச்சு மாட்டாத, துணியோட கனமே அந்த எடத்த கிழிச்சிடும்.

ஒரு கதை சொல்லணும். அப்பாயியோட பழைய தமைன், பர்மாப் பொம்பளைங்க கட்டற கைலி, எல்லாம் பெட்டில இருந்துச்சு இல்ல, அமரபுரம் நெசவு, அலை அலையா, அதுங்கள வெட்டி ஒண்ணு தைச்சேன். ஹால்ல வாசப்படிக்கு நேரா மேல மாட்டினேன். பக்கத்து வீட்டு ஊலே சாயங்காலம் டீ குடிக்க வந்தவரு வாசல்லயே நின்னுட்டாரு. உள்ள வாங்கன்னா, சிரிக்கறாரு, வரல. அப்புறம்தான் புரிஞ்சுது, பொம்பளைங்க கட்டின தமைனுக்குக் கீழ ஆம்பளை போகக் கூடாது, சக்தி குறைஞ்சிரும்னு அவங்க நம்பிக்கை. உங்கம்மா உள்ளேந்து, ஏன் அவரு அம்மா கட்டின தமைனப் பிடிச்சுக்கிட்டுதான நடக்கப் பழகினாருன்னு தமிழ்ல சொல்றா, நல்ல வேளை அவருக்குத் தமிழ் தெரியாது. 2021ல போராட்டத்தப்போ ராணுவம் உள்ள வராம இருக்க தெருவுக்குக் குறுக்க தமைன கொடில தொங்க விட்டாங்களே, அதெல்லாம் லெட்டர்ல வேணாம், உனக்கே தெரியும். நான் இறக்கி உன் ரூம்ல இடுப்பு உயரத்துக்கு மாட்டிட்டேன். ஊலே மறுநாள் உள்ள வந்து கிட்டக்க நின்னு ரொம்ப நேரம் பாத்தாரு, தையல விரலால தடவிப் பாத்தாரு, அவரு சம்சாரத்தோட பழைய தமைன் இருக்கு வேணுமான்னு கேட்டாரு. வாங்கி வச்சிருக்கேன். சீவரத் துணி மட்டும் யார் குடுத்தாலும் கத்தரி வைக்க மாட்டேன், அது வேற விஷயம்.

பார்சல்ல என்ன அனுப்பணும்னு கேட்ட. மஞ்சள், மெஜந்தா, டர்காய்ஸ் மூணு பவுடர் போதும், மத்த நிறமெல்லாம் நான் கலந்துக்கறேன். கறுப்பு வேணாம், இங்க அன்னபேதி இருக்கு. நல்ல ஊசி ஒரு டப்பா. காசு அனுப்பாத.

உன் பிரண்டுங்க கிட்ட, அப்பாவுக்குக் கண்ணு சரியில்லன்னு ஏதாச்சும் சொல்லிடு. இல்ல வேணாம், உள்ளதயே சொல்லு, ஆர்டர் எடுக்கறதில்லன்னு. யாராச்சும் இங்க வந்து செஞ்சு வச்சிருக்கறதப் பாத்து, பிடிச்சு எடுத்துக்கிட்டா அது வேற.

ஆனா உனக்கு ஒண்ணு பாதி முடிஞ்சிருக்கு. காசுக்கட்டியும் பலாவும், நடுவுல உன் சின்ன வயசு யூனிபாரம் பச்சை. உன் வீட்டுச் சுவத்துக்கு மட்டும் அளவு எடுத்து அனுப்பு, நீளம் அகலம் ரெண்டும், இஞ்ச்ல. சாயங்கால வெயில் அந்தச் சுவத்துல விழுமான்னும் பாத்து சொல்லு, விழும்னா வேற சுவர் பாக்கணும், பலா மஞ்சள் அதத் தாங்காது.

அப்பா