யெலோநைஃபில் கைகொடுத்தவர்களுக்கு

உங்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்துதான் எழுதுகிறேன். இரவு வானில் தெரியும் துருவ ஒளியைப் பார்க்க அம்மாவும் நானும் கனடாவின் வடக்கிலிருக்கும் உங்கள் ஊருக்கு வந்து போனதிலிருந்து, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் காண்கிற எல்லாரிடமும் உங்கள் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகிறது. எழுதிவிட்டால் வாசிக்கச் சொல்லிவிடலாம்.

முதல் நன்றி சிவப்புத் தொப்பிக்காரருக்கு. பெப்ரவரி மாதம், விடியாத காலை, மைனஸ் 38 பாகை. வாடகைக் காரின் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். பக்கத்து வீட்டிலிருந்து வந்த நீங்கள் ஒன்றும் பேசாமல் குனிந்து, காரின் முன்பக்கத்தில் தொங்கிய பிளக்கை இழுத்துக் காட்டினீர்கள். ராத்திரியில் காரையும் கரண்டில் செருகி வைக்க வேண்டுமாம், என்ஜின் விறைக்காமல் இருக்க. கார் தந்த இடத்தில் ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டு வயரைக் கொண்டுவந்து செருகினீர்கள். என்ஜின் சூடாகும் வரை இரண்டு மணி நேரம் அம்மாவை உங்கள் அடுப்படியில் இருத்தி, கம்பளிக் காலுறை போட்டுவிட்டு, தேத்தண்ணி கொடுத்தீர்கள். பாலும் இல்லை, சீனியும் இல்லை. அம்மா குறை சொல்லாமல் குடித்த முதல் வெறுந்தேத்தண்ணி அதுதான்.

அடுத்தது, நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு. இரண்டு இரவு மேகம். மூன்றாம் இரவு ஒரு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பி, உறைந்த ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். வானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். "மேகம் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றா அம்மா. நீங்கள் போனில் ஒரு படம் எடுத்து நீட்டினீர்கள்: பச்சை! மங்கல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நிறம் பிடிபடாதாம். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கே பச்சையானது. ஈரச்சேலையை உதறியதுபோல ஒரு அலை, கீழ்க்கரையில் ரோஸ் நிறம். சூரியனிலிருந்து வரும் துகள்களால் நூறு கிலோமீட்டருக்கு மேலே ஒட்சிசன் பச்சையாகவும், அதற்குக் கீழே நைதரசன் ரோஸாகவும் ஒளிர்கின்றன என்று நீங்கள் சொன்னதெல்லாம் அம்மாவின் காதில் ஏறவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டா. விறைத்துப்போன அந்த விரல்களை உங்கள் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கினீர்கள்.

டெட்டா ஊருக்குப் போகும் ஏரிப் பனிப்பாதையில் வழிகாட்டிய டெனே பூர்வகுடி முதியவருக்கும் நன்றி. யெலோநைஃப், அதாவது 'மஞ்சள் கத்தி', என்ற பெயர் தங்கத்தால் வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, உங்கள் முன்னோர் வைத்திருந்த செப்புக் கத்திகளால் வந்தது என்றீர்கள். உங்கள் மொழியில் அது சோம்பாகே, பணம் இருக்கும் இடம். யெலோநைஃபின் கொன் சுரங்கத்தில் 1938இல் முதல் தங்கம் வார்த்தார்கள். அங்கிருந்த இன்னொரு தங்கச் சுரங்கமான ஜயன்ற் 2004இல் மூடியபோது நிலத்துக்கடியில் மிஞ்சியது 2,37,000 தொன் ஆசனிக் நச்சுத் தூசு. அது கசியாமல் இருக்க நிலத்தையே உறையவைக்கிறார்கள். அம்மா தாலிக்கொடியைத் தடவிக்கொண்டு, "பொன்னைக் கொண்டுபோட்டு நஞ்சை விட்டிட்டுப் போட்டாங்களோ?" என்றா. மொழிபெயர்த்தேன். நீங்கள் சிரித்த சிரிப்பு அடங்க நெடுநேரமானது.

அப்புறம், சிவப்புத் தொப்பிக்காரரே, உங்கள் காலுறை இன்னும் அம்மாவின் காலில்தான் இருக்கிறது. கழற்ற மாட்டாவாம். புதுச்சோடி ஒன்று தபாலில் வருகிறது. கூடவே ஒரு பைக்கற் தேயிலையும்.