ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்கால வாகனப் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், பழைய கார் வைத்திருப்பவர்கள் தினமும் காலையில் ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று இருந்தது. இது எந்த ஊருக்கும் முழுசாகப் பொருந்தாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள எங்கள் கடற்கரைக்கு ஆகவே ஆகாது. இங்கே இன்னும் ஓடுகிற மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், சுமோ வண்டிகளைக் கெடுப்பதில் வெயிலுக்குப் பாதிப் பங்குகூட இல்லை. மீதியெல்லாம் உப்புதான். தண்ணீரிலும் உப்பு, காற்றிலும் உப்பு.

மூடி சரியாக இருக்கும் வண்டியில் தண்ணீர் குறையவே கூடாது. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மூடி பிடிக்கவில்லை, அல்லது கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) வழியாகச் சிலிண்டருக்குள் போகிறது. எது என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதில் இன்னொரு கேடும் உண்டு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்கிவிடும். மறுநாள் ஊற்றும்போது இன்னொரு பங்கு சேரும்.

குடிதண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை இருக்கலாம் என்பது இந்தியக் குடிநீர்த் தரவிதியான ஐ.எஸ். 10500. கரையோரத்தில் பல போர்வெல்களின் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்தால் அந்த 2000-த்தையும் தாண்டிவிடும். இன்ஜின் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பாதைதான் அதிகம் சுடும் இடம். சுண்ணாம்பு முதலில் படிவதும் அங்கேதான். இரும்பு கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூட அந்தப் படிவு கடத்தாது. உப்பிலுள்ள குளோரைடு வேறு மாதிரி வேலை செய்யும்: அலுமினியத்தின் மேல் இயல்பாக இருக்கும் ஆக்சைடு படலத்தைத் துளைத்து உள்ளே அரிக்கும். அப்படி அரித்த ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் ஓட்டைகள் வட்டமாக இருக்காது, எலி கடித்த மாதிரி இருக்கும். அரிப்பு கேஸ்கட் உட்காரும் வளையம் வரை வந்துவிட்டால், லேத்தில் ஃபேஸ் அடித்தாலும் (பரப்பைச் சீவிச் சமமாக்கினாலும்) பிடிக்காது.

ஆகவே ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். பேட்டரிக்கு வாங்குகிற அதே தண்ணீர்தான். கிடைக்காத அவசரத்துக்கு ஆர்.ஓ. கேன் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர் பரவாயில்லை. கடல் தண்ணீரையோ உவர் கிணற்றுத் தண்ணீரையோ வழியில் ஊற்ற நேர்ந்தால், அன்றைக்கே வடித்து அலச வேண்டும்.

தண்ணீர் மட்டும் போதாது, கூலண்ட் கலக்க வேண்டும். "இங்கே என்ன பனியா உறையப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. கூலண்டின் வேலை உறையாமல் காப்பது மட்டும் இல்லை. துரு தடுக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. நம் கரைக்கு மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். அதற்குக் குறைந்தால் மருந்தின் வலு போதாது. பாதிக்குப் பாதி கலப்பதிலும் தவறில்லை, ஆனால் அதற்கு மேல் போகாதீர்கள். வெப்பத்தைச் சுமந்து போவதில் கூலண்டிலுள்ள கிளைக்கால் என்ற திரவம் தண்ணீருக்கு இணையாகாது. கலந்து விற்கும் ரெடிமேட் கூலண்டில் சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக் கூடாது. செம்பு, பித்தளையில் ஈயம் வைத்துப் பற்றிய பழைய ரேடியேட்டருக்குப் பச்சை நிற வழக்கமான வகையே ஏற்றது; அதை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் டப்பாவில் எழுதியிருப்பதையும் படியுங்கள். இரண்டு வகைகளைக் கலந்தால் கூழாகித் திரிந்து, மெல்லிய குழாய்களை அடைத்துவிடக்கூடும்.

வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஓடிய வண்டியில் நேராகக் கூலண்ட் ஊற்றிப் பயனில்லை. முதலில் அலச வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ரேடியேட்டர் அடியிலுள்ள திருகையும் பிளாக்கிலுள்ள வடிகால் போல்ட்டையும் கழற்றி வடியுங்கள். ஹீட்டர் இருந்தால் அதைச் 'சூடு' பக்கம் தள்ளி வையுங்கள்; இல்லாவிட்டால் அதன் குழாயில் பழசு அப்படியே நிற்கும். வடிந்ததை அளந்து வைத்துக்கொள்வது நல்லது, எவ்வளவு கூலண்ட் வேண்டும் என்று கணக்கிட உதவும். உள்ளே சுண்ணாம்பு அதிகமென்றால் லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி, இன்ஜினை 15 நிமிடம் மிதமான சூட்டில் ஓட்டி வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தைத் தின்றுவிடும், கிட்டேயே கொண்டுவரக் கூடாது. அலசிய பிறகு ஒழுகத் தொடங்கினால் சிட்ரிக் அமிலத்தைத் திட்ட வேண்டாம். துருதான் அதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. பிளாக்கின் பக்கத்திலுள்ள தகட்டு டம்மிகளை (வட்ட அடைப்பான்களை) அப்போது பாருங்கள், ஊசி நுழையும் அளவு ஓட்டை இருக்கும்.

நிரப்பும்போது கணக்கிட்ட கூலண்டை முதலில் முழுதாக ஊற்றிவிட்டுப் பிறகு தண்ணீரால் நிரப்புங்கள். அலசிய தண்ணீர் கொஞ்சம் பிளாக்கில் எப்போதும் தங்கியிருக்கும். தண்ணீரை முதலில் ஊற்றினால் கூலண்டுக்கு இடமிருக்காது. வண்டியின் மூக்கு சற்று மேடாக நிற்க, மூடி திறந்திருக்க, ஐடிலில் ஓடவிட்டு மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் காற்றுக் குமிழி வெளியேறும். மட்டம் இறங்குவது நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை பார்த்து, ஆறிய பிறகு மறுபடி மட்டம் பாருங்கள். பழைய கூலண்டைத் தரையில் கொட்ட வேண்டாம். இனிப்பாக இருப்பதால் ஆடும் நாயும் நக்கும். கொஞ்சம் போனாலும் சிறுநீரகம் போய்விடும்.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு. "இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று கழற்றி எறிவது இங்கே வழக்கமாகிவிட்டது. கழற்றிய வண்டி காலையில் சூடேற நேரமெடுக்கும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி இறக்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அந்த வகையில் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பும், முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும். கெட்டதா என்று சோதிக்கச் சமையலறை போதும். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடேற்றுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 95 டிகிரியில் சுமார் 8 மி.மீ. திறந்திருக்க வேண்டும். மாட்டும்போது ஆடும் சிறு ஊசி மேல்பக்கம் இருக்கட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

விலை குறைவு என்பதாலோ என்னவோ, ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி நன்றாக இருந்தால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. அதன் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் 100-லேயே கொதித்து, ரிசர்வ் டாங்க் வழியாக வெளியே போகும். ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் மூடியின் நடு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணைப் பார்த்து அதே அழுத்தத்தில் வாங்குங்கள். அம்பாசடருக்கு மாருதி மூடி போட்டால் பழைய பித்தளை டாங்க் வாய் பிளக்கும்.

வெளிப்பக்கத்துக்கு வருவோம். தனுஷ்கோடி போய்வந்த வண்டியின் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டு மடிப்புகளில் உப்பும் மணலும் அப்பியிருக்கும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரை மெதுவான வேகத்தில், இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் மடிப்புகளைச் சாய்த்துவிடும். ஏ.சி. இருந்தால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சவுக்கு இலையும் பூச்சியும் மெத்தையாகக் கிடக்கும், அங்கேயும் கை போகட்டும். விரலால் தொட்டால் மடிப்பு பொடியாக உதிர்கிறதா? ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் அந்த ரேடியேட்டர் முடிந்தது. குழாயிலிருந்து காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்க அதில் எதுவும் மிச்சமில்லை. குழாயும் மடிப்பும் சேர்ந்த கோர் பகுதியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஹோஸ் கழுத்துகளில் கிளிப்புக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்து ஹோஸைத் தூக்கியிருக்கும். கிளிப்பை இன்னும் இறுக்காமல், கழற்றி எமரித் தாளால் தேய்த்து, ஸ்டெயின்லெஸ் கிளிப் போடுங்கள்.

ஃபேன் ஓடவில்லை என்றால் உடனே மோட்டார் வாங்க ஓட வேண்டாம். கனெக்டரிலும் எர்த் ஒயரிலும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய மாடலில், ஃபேன் சுவிட்சுக்கு வரும் இரு ஒயர்களையும் ஒரு துண்டு ஒயரால் சேருங்கள். சாவி போட்டதும் ஃபேன் ஓடினால் சுவிட்ச்தான் போயிருக்கிறது. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, எர்த் என்று தேடுங்கள்.

எப்போது கொதிக்கிறது என்பதே பாதி விடை. வண்டி நின்றால் வெப்பம் காட்டும் முள் ஏறி, ஓடினால் இறங்கினால் கோளாறு ஃபேனில். வேகத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சிச் சப்புகிறது. முள் ஏறுவதோடு பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கும். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் கேஸ்கட் போயிருக்கிறது. ஹெட்டைத் தூக்கினால் நேர்கோலும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்துக் கோணல் பாருங்கள், 0.05 மி.மீ. தாண்டினால் ஃபேஸ் அடிக்காமல் மாட்டக் கூடாது. உச்சியில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் முழுக்கப் போய், சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று பொருள். உடனே அணையுங்கள்.

பாம்பன் பாலத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1988-இல் திறந்த, சுமார் 2.3 கி.மீ. நீளமுள்ள இரு வழிச் சாலைப் பாலம், ஓரங்கட்ட இடமில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்க வண்டிகள் ஊர்கின்றன. ஆடி அமாவாசைக் கூட்டத்தில் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிழக்கே போகிற வண்டியின் முதுகில் அடிக்கும். 50 கி.மீ. வேகத்தில் போகும் காருக்குப் பின்னாலிருந்து 30 கி.மீ. காற்று வந்தால் ரேடியேட்டர் முகத்தில் படுவது 20 கி.மீ. காற்றுதான். ராமேசுவரம் போகும்போது ஏறிய முள் திரும்பும்போது ஏறாததற்கு இதுவே காரணம். முள் ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். நிற்கும்போது நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைச் சற்றே மிதித்தால் பம்ப் வேகமாகச் சுற்றும். பாலம் தாண்டி நிறுத்திய பிறகு முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள்.

கடைசியாக, தங்கள் நாளிதழ் வழியாக மண்டபம், தங்கச்சிமடம் பகுதி பெட்ரோல் பங்க் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரேடியேட்டருக்கென்று வைத்திருக்கும் டிரம்மில் போர் தண்ணீர் பிடிப்பதை நிறுத்தி, ஆர்.ஓ. தண்ணீர் வையுங்கள். காசு வாங்கிக்கொண்டு கொடுத்தாலும் சரி.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக்குகள் சிலர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.