பதிவேட்டில் உள்ளபடியே எழுது

கர்த்தருக்குள் அன்பான மகள் ஜெபாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். உன் சுகத்தையும் மாப்பிள்ளை, பிள்ளைகள் சுகத்தையும் அறிய ஆவல்.

கோயிலின் பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து முடித்தபின்னும் அவற்றை வைத்துக்கொண்டு ஏன் மெனக்கெடுகிறீர்கள் என்று சென்ற ஞாயிறு நீ கேட்டாய். தொலைபேசியில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை முடிந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் எட்டுப் பேர், கோயிலின் பதிவேடுகள் இருக்கும் வெஸ்திரி அறையில் கூடுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் மூவர், மற்றவர்கள் என்னைப்போல் ஓய்வுபெற்றவர்கள். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த விவாகப் பதிவேடு ஒன்றைக் கரையான் முழுமையாகத் தின்றுவிட்டது. எஞ்சியவற்றின் துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் தூசியைத் துடைத்து, பருத்தி நாடாவால் கட்டி வைக்கிறோம். கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய மை சில பக்கங்களில் எழுத்தின் வடிவத்திலேயே தாளை அரித்து ஓட்டை போட்டிருக்கிறது. அதைவிடக் கொடுமை, இருபது ஆண்டுகளுக்கு முன் சேகரச் செயலராக இருந்தபோது, கிழிந்த பக்கங்களைக் காப்பாற்றுவதாக எண்ணி நானே ஒட்டிய செலோடேப். அது மஞ்சளாகிக் கெட்டிப்பட்டு, உரித்தால் எழுத்தும் சேர்ந்து வருகிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு குடும்பத்தாரின் சாதிக் கட்டம் படத்தில் வெறுமையாகத் தெரிந்தது. எழுதாமல் விட்டார்கள் என்றே குறித்துக்கொண்டோம். பிறகு புத்தகத்தையே எடுத்துப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தபோதுதான், அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்திருப்பதையும், யாரோ பிற்காலத்தில் கத்தியால் சுரண்டியிருப்பதையும் கண்டோம். வேண்டாத எழுத்தை ஒருவர் நீக்க விரும்பினார் என்ற செய்தி தாளில் இருந்தது, படத்தில் இல்லை.

அதையொட்டி எங்களுக்குள்ளேயே வழக்கு மூண்டது. கணினியில் ஏற்றும் பட்டியலில் சாதிக் கட்டமே வேண்டாம், அது வீண் சண்டையை இழுக்கும் என்றார்கள் சிலர். அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆலய வாசலில் ஒட்டிவைக்கும் பட்டியலில் அது கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் மூலத்தைப் பார்த்து எழுதும் படியில் விட்டுவிட நாம் யார்? பாளையங்கோட்டைச் சபையார் 40 பேரின் பெயர்கள் 1780இல் எழுதி வைக்கப்பட்டன. முதற்பெயர் குளோரிந்தாள், 1785இல் அங்கே ஆலயம் எழுப்பிய அதே பிராமண விதவை. அவரோடு பல சாதியார் ஒரே சபையாக நின்றார்கள் என்று இன்று நாம் மெச்சிக்கொள்வதற்கு, அன்று எழுதியவர் எதையும் விடாமல் எழுதியதே காரணம்.

நம் வீட்டுக் கதையும் அகப்பட்டது. உன் பாட்டனாரின் பாட்டனார் சபையில் போதிக்கும் உபதேசியாராக இருந்தார் என்றுதானே நாம் பெருமை பேசி வந்தோம்? தாது வருஷப் பஞ்சத்தை அடுத்து, 1878இல், பெரியவர்கள் பலர் ஞானஸ்நானம் பெற்ற பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது, தொழில் ‘பனையேறி’. அம்மா சிரித்தாள். எனக்கு முதலில் சற்றுச் சுருக்கென்றது. பிறகு, பஞ்சத்தில் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் பனையே காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீயும் உதவுகிறேன் என்றாயே, 1877ஆம் ஆண்டின் அடக்கப் பதிவேட்டுப் படங்களை மாப்பிள்ளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு படத்தின் எண்ணையும் வரிக்கு முன் குறித்துக்கொள். பழைய கையெழுத்தில் புள்ளி இராது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி. கல்லூரிப் பிள்ளைகள் தடுமாறியது இவற்றில்தான். பெயர் பிழையாகத் தோன்றினாலும் திருத்தாதே. வாசிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி இட்டு விட்டுவிடு. சனிக்கிழமை நான் தாளைப் பார்த்துச் சொல்கிறேன். இறப்பின் காரணக் கட்டத்தில் ‘பேதி’ என்பதே பக்கம் பக்கமாக வரும். மேற்படி என்று சுருக்காமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுது. எழுதியவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா