சங்கப் பணத்தை எடுத்தவரிடம் புரோ நோட்டு எழுதி வாங்காதீர்கள்

வடசென்னையில் தெருச் சங்கங்கள், கோயில் விழாக் குழுக்கள், வியாபாரிகள் சங்கங்கள் நடத்தும் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கமிருந்து வருகிறவர்கள் கையில் அடிக்கடி ஒரே மாதிரிக் காகிதத்தைப் பார்க்கிறேன். ஆடிக் கூழுக்கு வசூலித்ததையோ சங்கச் சந்தாவையோ பொருளாளர் எடுத்துச் செலவழித்திருப்பார். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ‘கைமாற்றாகப் பெற்றுக்கொண்டேன், ஆறு மாதத்தில் தருகிறேன்’ என்று அவரிடம் புரோ நோட்டு எழுதி வாங்கியிருப்பார்கள். பணம் வராது. அதற்குப் பிறகுதான் போலீசுக்குப் போகலாமா என்று கேட்பார்கள்.

பிரச்சினையே அந்தக் காகிதம்தான். நம்பி ஒப்படைத்த பணத்தை நேர்மையற்ற எண்ணத்தோடு தன் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி என்ற குற்றம். வாங்கிய கடனைத் திருப்பித் தராதது வெறும் சிவில் விவகாரம். சங்கமே ‘கைமாற்று’ என்று எழுதி வாங்கிவிட்டால், அது கடன்தானே என்று எதிர்த்தரப்பு வாதாட நீங்களே வழி விட்டுவிடுகிறீர்கள். ஸ்டேஷனிலும் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றுதான் சொல்வார்கள்.

தண்டனை லேசானதல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 316-வது பிரிவுப்படி நம்பிக்கை மோசடிக்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சம்பளத்துக்கு வைத்த கணக்குப்பிள்ளை செய்தால் 7 ஆண்டு வரை போகும். அரசு ஊழியர், வங்கியாளர், முகவர் போன்றோர் என்றால் ஆயுள் தண்டனைகூட உண்டு. அந்தத் தேதிக்கு முன் நடந்த கையாடலுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அதில் சாதாரண நம்பிக்கை மோசடிக்கு 3 ஆண்டுதான் உச்சம். அதனாலேயே வழக்குப் போடவும் 3 ஆண்டுக் காலக்கெடு உண்டு. தவணை சொல்லிச் சொல்லி அந்தக் கெடுவைக் கடத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டால் குற்றம் தானாக மறைந்துவிடாது. ஆனால் சாதாரண நம்பிக்கை மோசடி வழக்குகளில் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். பணத்தைத் திரும்ப வாங்குவதுதான் உங்கள் நோக்கம் என்றாலும் புகார் கொடுத்த பின்னும் அந்த வழி திறந்தே இருக்கிறது. பயப்படாதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் அழுத்திச் சொல்கிறேன். கணக்கில் பணம் குறைந்தாலே கையாடல் ஆகிவிடாது. மேளக்காரருக்கும் பந்தல்காரருக்கும் ரசீது வாங்காமல் கொடுத்திருப்பார், எழுத மறந்திருப்பார். நேர்மையற்ற எண்ணம் இருந்ததை நிரூபித்தாக வேண்டும். அது தெரிவதற்குள் ஒரு மனிதரைத் தெருவே திருடன் என்று கூப்பிடுவது பெரிய கொடுமை. சங்க அறையில் பூட்டி வைப்பது, மிரட்டிக் கையெழுத்து வாங்குவது எல்லாம் சட்டப்படி குற்றம். அப்புறம் வழக்கு உங்கள் மேல்தான் பாயும்.

அதனால் சந்தேகம் வந்தவுடனே வசூல் நோட்டு, ரசீதுப் புத்தகம், வங்கிப் பாஸ்புக் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பொருளாளரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். பணம் அவரிடம் எப்போது, எந்த வேலைக்காக ஒப்படைக்கப்பட்டது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து கையெழுத்திடுங்கள். ஒப்படைத்ததற்கு ஆதாரம் இல்லாத வழக்கு நிற்காது. விளக்கம் சரியில்லை என்றால் புகார் கொடுங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் மேலதிகாரிக்கு எழுதலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்று தயங்க வேண்டாம். இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணில் கூப்பிடலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி கிடைக்கும்.