டிரெஸ்டன் தேவாலயத்தின் கறுத்த கற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு மேற்படிப்பு குறித்துத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கங்களில் வந்த கட்டுரைகளைப் பயணத்துக்கு முன் ஒன்று விடாமல் படித்தவள் நான். விசா, வங்கிக் கணக்கு, விடுதி வாடகை, பகுதிநேர வேலை என எல்லாவற்றுக்கும் அவை வழிகாட்டின. போய்ச் சேரும் ஊரின் பழங்கட்டடங்களை எப்படிப் பார்ப்பது என்பதற்கு மட்டும் அவற்றில் இடம் இருக்கவில்லை. கட்டடப் பொறியியல் படிக்க ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்தக் குறையை உணர்ந்ததால் இதை எழுதுகிறேன்.

நகரின் நடுவே நொய்மார்க்ட் சதுக்கத்தில் 91 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது ஃபிராவன்கிர்ஷே தேவாலயம். முதல் பார்வையில் எனக்கு அது பிடிக்கவில்லை. வெளிர் மஞ்சள் நிறச் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கன்னங்கரிய கற்கள். ஒரு பக்கத்தில் சுவரின் பெரும்பகுதியே கறுப்பு. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணியின்போது மணல் வீச்சுக் கருவியால் கல்லைச் சுரண்டி வெளுப்பாக்கியதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, இத்தனை செலவு செய்தவர்கள் அழுக்கைத் துடைக்காமல் விட்டுவிட்டார்களே என்றுதான் தோன்றியது. உடன் வந்த தோழி அதைப் போர்த் தீயின் கரி என்றாள். நாங்கள் இருவரும் நினைத்தது தவறு என்பது, அதே சதுக்கத்துக்கு நான்காம் முறை போனபோதுதான் தெரிந்தது.

தச்சுத் தலைவரான கியார்க் பேர் வடிவமைத்து, 1726 முதல் 1743 வரை கட்டப்பட்ட தேவாலயம் இது. மணி வடிவிலான அதன் குவிமாடம் முழுவதும் கல்லால் ஆனது. 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய நேச நாடுகளின் குண்டுவீச்சில் நகரம் எரிந்தது. வரலாற்றாய்வாளர் குழு ஒன்று 2010இல் அளித்த முடிவின்படி, 25,000 பேர் வரை உயிரிழந்தனர். தேவாலயம் உடனே விழவில்லை. உள்ளே பற்றிய தீயில் தூண்கள் வெந்து வலுவிழந்து, குவிமாடத்தின் பாரத்தைத் தாங்க முடியாமல், பிப்ரவரி 15 காலையில்தான் இடிந்து அமர்ந்தன. அதன் பிறகு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் வெறும் கற்குவியலாகவே கிடந்தது. 1982இல் கிழக்கு ஜெர்மனி அரசின் கெடுபிடிகளுக்கு நடுவிலும் இளைஞர்கள் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி, போர் வேண்டாம் என்று அமைதியாக நின்றார்கள்.

1990களில் மீட்டுக் கட்டத் தொடங்கியபோது, குவியலிலிருந்து எடுத்த ஒவ்வொரு கல்லையும் அளந்து, படமெடுத்து, எண்ணிட்டு, விழுந்து கிடந்த இடத்தைக் கொண்டு அது எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். பயன்படக்கூடிய ஆயிரக்கணக்கான கற்கள் அவற்றின் பழைய இடத்துக்கே திரும்பின. அவைதாம் அந்தக் கறுப்புக் கற்கள். எல்பா ஆற்றுப் பகுதியின் மணற்கல் காற்றும் மழையும் பட்டுக் காலப்போக்கில் தானே கறுக்கும் இயல்புடையது. பெருமளவு கறுப்பாகத் தெரியும் பகுதி, இடியாமல் எஞ்சி நின்ற சுவர். கட்டுமான மாணவியாகிய என்னை இந்தப் பொறுமை அசைத்துவிட்டது. புதுக் கற்களுக்குச் சாயம் பூசியோ பழையவற்றைத் தேய்த்தோ ஒரே நிறமாக்கியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 2005 அக்டோபர் 30 அன்று தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது அதன் உச்சியில் இருந்த புதிய சிலுவையைச் செய்தவர், குண்டுவீச்சில் பங்கேற்ற பிரிட்டிஷ் விமானி ஒருவரின் மகன். இடிபாட்டில் நெளிந்த நிலையில் கிடைத்த பழைய சிலுவை உள்ளே நிற்கிறது. அதன் முன் நெடுநேரம் நின்றேன்.

ஆனால் இந்தச் சதுக்கத்தோடு நின்றுவிட்டால் டிரெஸ்டனைப் பாதிதான் பார்த்ததாகும். அங்கிருந்து பத்து நிமிட நடையில் யூதர்களின் தொழுகைக்கூடம் இருக்கிறது. காட்ஃபிரீட் செம்பர் வடிவமைத்த பழைய கூடத்தை 1938 நவம்பர் 9 இரவு நாஜிகள் கொளுத்தினர். வானிலிருந்து குண்டு விழுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, ஊருக்குள்ளிருந்து மூண்ட தீ அது. அதன் உச்சியிலிருந்த தாவீதின் நட்சத்திரத்தைத் தீயணைப்பு வீரர் ஒருவர் எடுத்து மறைத்துக் காப்பாற்றினார். 2001 நவம்பர் 9 அன்று திறக்கப்பட்ட புதிய கூடத்தின் வாயிலுக்கு மேல் அந்த நட்சத்திரம்தான் இருக்கிறது. தொழுகையறை கிழக்கு நோக்கி அமையவேண்டும் என்பதற்காகச் சுவரின் ஒவ்வொரு வரிசையும் சற்றே திருப்பி அடுக்கப்பட்டிருக்கிறது. முற்றத்தின் தரையில் பழைய கூடத்தின் எல்லையை மட்டும் குறித்து வைத்திருக்கிறார்கள். 1999இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற குந்தர் பிளோபல் தம் பரிசுத்தொகையை இந்த நகருக்குக் கொடுத்தபோது, தேவாலயத்தோடு இந்தக் கூடத்தையும் நினைத்தே கொடுத்தார். வந்த முதல் மாதம் முழுவதும் இந்தக் கூடத்தைத் தாண்டிப் போயும் அதன் கதை தெரியாமல் இருந்தேன் என்பது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எனவே, தங்கள் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை அறிமுகம் செய்யும்போதெல்லாம், அந்த ஊரில் எந்தக் கட்டடம் எப்போது இடிந்தது, யார் இடித்தார்கள், எப்படி மீண்டும் எழுந்தது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அங்கு ஏற்கெனவே படிக்கும் மாணவர்களையே எழுதச் சொல்லலாம். டிரெஸ்டனைப் பற்றி எழுத நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
முதுநிலைப் பொறியியல் மாணவி,
டிரெஸ்டன், ஜெர்மனி.