செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களுக்கும், மணலியிலும் எண்ணூரிலும் ஷிப்டு முடித்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. மழையால் டிசம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. திருவொற்றியூர் அறைக்கு வாடகை பாக்கி இல்லை. மற்றபடி இந்த ஆண்டு நம் நேரத்தைத் தின்றது ஒரே விஷயம்தான்: ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலை கம்ப்யூட்டருக்குப் போனது.

நம்மில் பெரும்பாலோர் நாலு ஃபிட்டர், ரெண்டு வெல்டர், கனம் தூக்கும் ஒரு கலாசி கேங் வைத்து ஓட்டும் சிறு காண்டிராக்டர்கள். முன்பு பிளானிங் ரூம் சுவரில் ஒட்டிய சார்ட்டைப் பார்த்து வேலை பிரித்தோம். இப்போது டெண்டரிலேயே "தினசரி முன்னேற்றத்தை மென்பொருளில் பதிய வேண்டும்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. பதியாவிட்டால் பில் நிற்கும். அதனால் ஓய்வுபெற்ற பிளானிங் இன்ஜினியர் ஒருவரை வரவழைத்து இரண்டு ஞாயிறு வகுப்பு நடத்தினோம். எந்த வேலை தாமதமானால் மொத்த ஷட்டவுனும் தள்ளிப்போகும் என்று பார்க்கும் கிரிட்டிக்கல் பாத் கணக்கு, 1950களின் கடைசியில் டுபான்ட் கம்பெனியில் உருவானது. அமெரிக்காவில் லூயிவில் ஆலையின் பராமரிப்பு ஷட்டவுனுக்கு அதைப் போட்டுப் பார்த்தபோது 125 மணி நேரம் 93 ஆகக் குறைந்ததாம். "கிரேன் எங்க நிக்குதோ அங்கதான் ஷட்டவுன் நிக்கும், இதுக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டர்?" என்று பின்வரிசையிலிருந்து மூத்த மேஸ்திரி கேட்டார். அவர் சொன்னதும் பாதி சரிதான்.

ஆய்வுக் கணக்கையும் அந்த இன்ஜினியர் சொல்லிக்கொடுத்தார். வெசலின் (அழுத்தக் கலன்) தகடு இன்று 12 மி.மீ., குறைந்தபட்சம் தேவை 9 மி.மீ., ஆண்டுக்கு 0.25 மி.மீ. தேய்கிறது என்றால் மிச்ச ஆயுள் 12 ஆண்டு. வெசல் ஆய்வுக்கான ஏ.பி.ஐ. 510 விதிப்படி அதில் பாதி, அல்லது 10 ஆண்டு, இரண்டில் எது குறைவோ அதற்குள் அடுத்த உள் ஆய்வு. அதாவது 6 ஆண்டு. மென்பொருள் இதை நொடியில் போட்டுவிடும். ஆனால் நம் பையன் ஒருவன் 12.1 என்பதை 21.1 என்று தட்டிவிட்டான். தேய வேண்டிய தகடு வளர்ந்துவிட்டது! யாரும் கேட்கவில்லை, அடுத்த நாள் அவனே கண்டுபிடித்துத் திருத்தினான்.

மென்பொருள் தமிழில் வேண்டும் என்று கேட்டோம், கொடுத்தார்கள். குழாயை அடைக்கும் தகடான பிளைண்ட் என்ற இடத்தில் "பார்வையற்றவர்" என்று வந்தது. "பார்வையற்றவர் அகற்றப்பட்டார்" என்று திரையில் பார்த்து கேங்கே சிரித்தது. நாமே உட்கார்ந்து சொற்பட்டியல் எழுதிக்கொடுத்தோம். பிளைண்டை பிளைண்ட் என்றே விடச் சொல்லிவிட்டோம்.

சிரிக்க முடியாததும் அதே பிளைண்டில்தான் நடந்தது. புது உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன்: ஆள் இறங்கும் வெசலுக்குள் வாயு வராமல் குழாய் இணைப்பான ஃபிளேஞ்சுக்கு நடுவில் செருகும் தகடு அது. வேலை முடிந்ததும் ஒன்று விடாமல் கழற்ற வேண்டும். ஒரு ஆலையில் (பெயர் வேண்டாம்) வேலை முடிந்து வெசலை மூடும் பாக்ஸ்-அப் ராத்திரி. திரையில் கழற்றிய பிளைண்ட் 46க்கு 46, எல்லாம் பச்சை. நம் ஃபிட்டர் பைப் ரேக் அடியில் குவித்திருந்த தகடுகளை எண்ணினார், 45. மறுபடி எண்ணினார், 45. "சிஸ்டத்துல முடிஞ்சிருச்சே, கையெழுத்துப் போடுப்பா" என்றார்கள். போட மாட்டேன் என்று நின்றுவிட்டார். ராத்திரி இரண்டரை மணிக்கு, ஒரு டிரெயின் லைனில் (வடிகால் குழாய்), சாரப் பலகைக்குப் பின்னால், கிழிந்த இன்சுலேஷன் துணிக்கு அடியில் அந்த 46ஆவது தகட்டின் கைப்பிடி வால் மட்டும் தெரிந்தது. விசாரித்தால், சாயங்கால மீட்டிங்குக்கு ரிப்போர்ட் அழகாக இருக்க வேண்டும் என்று யாரோ மொத்த வரிசையையும் ஒரே தட்டில் "முடிந்தது" ஆக்கியிருக்கிறார்கள்.

அதன்பிறகு நாமாக ஒரு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு பிளைண்டுக்கும் எண் குத்திய அலுமினிய டேக். கழற்றியவர் தன் கையாலேயே டேக்கைக் கொண்டுவந்து பலகை ஆணியில் மாட்டுவார். ஆணிக் கணக்கும் திரைக் கணக்கும் ஒத்தால்தான் நம் ஆள் கையெழுத்து. அங்கேயே போனில் பதியலாமே என்றால், பிளாண்டுக்குள் சாதா போனுக்குத் தடை. தீப்பொறி வராத போன் வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. எனவே பலகைதான்.

ஒரு மனக்குறை பாக்கி. காலை எட்டு மணிக்கு ஆள் தயாராக நிற்பார்கள், வேலை தொடங்க ஆலை தரும் பெர்மிட் பத்தரைக்கு வரும். மென்பொருளில் அந்த இரண்டரை மணி நேரமும் காண்டிராக்டர் தாமதம் என்றே விழுகிறது. பெர்மிட் காத்திருப்புக்குத் தனிக் காரணக் குறியீடு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு ஆலைகள் சேர்த்துவிட்டன. ஒன்று "பார்க்கலாம்" என்றதோடு சரி. அதுவரை மேஸ்திரிகள் பெர்மிட் கேட்ட நேரம், கிடைத்த நேரம் இரண்டையும் நோட்டில் எழுதி, பெர்மிட் கொடுப்பவரின் சுருக்கக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பில் தகராறில் அந்த நோட்டு ஒருமுறை நமக்குக் கைகொடுத்திருக்கிறது.

டேக் பலகைகளுக்கு வாங்கிய பிளைவுட், ஆணி, அலுமினியத் தகடு ஆகியவை கணக்கில் "இதர செலவு" என்ற தலைப்பில் உள்ளன. முன் அனுமதி வாங்காமல் செய்த செலவு. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்