குழந்தைக் கையேட்டில் நிரப்பப்படாத பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ‘ரோடு டு ஹெல்த்’ என்னும் கையேடு கொடுக்கப்படுகிறது. தடுப்பூசி அட்டவணையும் எடை வரைபடமும் அதில் இருப்பது தாய்மார் எல்லோருக்கும் தெரியும். அதே கையேட்டில் வளர்ச்சிப் பரிசோதனைக்கென்றும் ஒரு பகுதி உண்டு. குழந்தை பார்க்கிறதா, கேட்கிறதா, கைகால்களைச் சரியாக அசைக்கிறதா என்பதை 14 வாரம், 6 மாதம், 9 மாதம், 18 மாதம், 3 வயது, பின்னர் பள்ளி செல்லும் பருவம் என்று படிப்படியாகச் சோதித்துக் குறிக்க வேண்டும். குறை தென்பட்டால் மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக்க வேண்டும். இதில் இனமோ வருமானமோ பார்க்கச் சொல்லவில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு மருத்துவம் இலவசம் என்பதும் 1994 முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலியான நான் இப்போது டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோவில் மண்டபத்தையொட்டி நடக்கும் குழந்தைகள் காப்பகத்தில் உதவி வருகிறேன். சேர்க்கையின்போது கையேட்டைக் காட்டச் சொல்வோம். தடுப்பூசிப் பக்கத்தில் தேதியும் கையொப்பமும் வரிசையாக இருக்கும்; வளர்ச்சிப் பரிசோதனைப் பக்கமோ அச்சகத்திலிருந்து வந்த வெண்மையோடு அப்படியே இருக்கும். கிளினிக்கில் ஒரே சிஸ்டர் (செவிலி), வாசல் வரை நிற்கும் வரிசை, கைக்குழந்தைகளின் அழுகை ஆகியவற்றுக்கு நடுவே அந்தப் பக்கத்தைப் புரட்ட நேரம் கிடைப்பதில்லை என்பதை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் அந்தப் பக்கம் நிரப்பப்படாதபோது, எந்தக் குழந்தை பரிந்துரைக்கப்படுகிறது என்பதை விதி தீர்மானிப்பதில்லை. வாய் திறந்து கேட்கத் தெரிந்த பெற்றோர்தாம் தீர்மானிக்கிறார்கள்.

எங்கள் காப்பகத்துக்கு வந்த இரண்டு ஆண் குழந்தைகளைச் சொல்கிறேன். இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றரை வயது. இருவருமே பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. கையேட்டின்படி 9 மாதத்திலேயே அழைத்தால் திரும்ப வேண்டும். 18 மாதத்தில் பெயர்களைத் தவிர மூன்று சொற்களாவது பேச வேண்டும். முதல் குழந்தையின் பெற்றோருக்கு மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தது. நாங்கள் சொன்ன அதே வாரத்தில் தனியார் குழந்தை மருத்துவரைப் பார்த்து, செவித்திறன் சோதனையும் முடித்து, பேச்சுப் பயிற்சியையும் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது குழந்தையை வெல்பெடாக்ட் பக்கத்திலிருந்து வரும் சூலு மூதாட்டி ஒருவர் அரசின் குழந்தை உதவித்தொகையைக் கொண்டு வளர்த்து வந்தார். கிளினிக்கில் அவருக்குக் கிடைத்த பதில், ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், பொறுத்திருங்கள் என்பது. நாங்கள் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தனுப்பிய பின்னரே பரிந்துரைக் கடிதம் கிடைத்தது. மருத்துவமனை கொடுத்த தேதி பல மாதங்கள் தள்ளியிருந்தது. அந்த நாளும் வந்தபோது இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறிப் போவதற்கு அவர் கையில் காசில்லை. ‘வரவில்லை’ என்று குறித்துக் கோப்பை மூடிவிட்டார்கள். ஏன் வரவில்லை என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

நம் தமிழர் வீடுகளிலும் நிலைமை வேறுவிதமாகச் சிக்கலாகத்தான் இருக்கிறது. ‘இவன் தாத்தாவும் நாலு வயதில்தான் பேசினார்’ என்று சொல்லாத பாட்டி அரிது. கண்ணேறு பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவதில் தீங்கில்லை. அதோடு நின்றுவிடுவதில்தான் தீங்கு. இத்தனைக்கும் குழந்தையின் வளர்ச்சியை மாதக்கணக்கில் உற்றுப் பார்த்த மரபு நம்முடையது: ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி என்று பிள்ளைத்தமிழுக்குப் பருவம் வகுத்தவர்கள் வெறும் கற்பனையில் வகுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒன்பது மாதக் குழந்தை கைகொட்டவில்லை என்றால் கவலைப்பட நமக்கு வெளிநாட்டுப் பாடம் தேவையில்லை.

சட்டம் இயற்றினால் போதும் என்று நினைப்போர் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான, வளர்ச்சிக் குறையுள்ள குழந்தைகளுக்கு ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை (குறையைத் தொடக்கத்திலேயே கண்டு பயிற்சியளிப்பது) வழங்கும் திட்டம் 1986-இல் சட்டமானது. பரிந்துரை வந்த 45 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்துச் சேவைத் திட்டம் வகுக்க வேண்டும் என்ற கெடுவும் உண்டு. அப்படியிருந்தும், அதே அளவு தேவையுள்ள வெள்ளைக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளுக்குச் சேவை கிட்டுவது குறைவு என்று அங்குள்ள ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பரிந்துரைப்பதா பொறுத்திருப்பதா என்பதை ஒருவரது மனப்போக்குக்கு விட்டால், நாட்டில் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வு அப்படியே அந்தக் கடிதத்திலும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. குடியிருப்புப் பகுதிகள்கூட இன வாரியாகப் பிரிக்கப்பட்ட நம் நாட்டில் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காது கேளாமையை எடுத்துக்கொள்வோம். பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகளவில் ஏற்கப்பட்ட இலக்கு. பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் செவித்திறன் சோதனை கட்டாயம் என்னும் சட்டம் இங்கே இல்லாததால், எந்த மருத்துவமனையில் பிறந்தது என்பதே குழந்தையின் பேச்சைத் தீர்மானித்துவிடுகிறது. கேளாத குழந்தைக்குச் சைகை மொழியும் ஒரு வழி. 2023-இல் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழியானது. ஆனால் கேளாமையைக் கண்டறியவே மூன்று வயதாகிவிட்டால், மொழி பதியும் மிகச் சிறந்த காலம் அதற்குள் ஓடிவிடுகிறது.

மொழித் தடையையும் சொல்லத்தான் வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் ஆங்கிலம் புழங்குவதால் கிளினிக்கில் நமக்குச் சிரமமில்லை. சூலு மட்டுமே பேசும் பாட்டியிடம் மருத்துவமனை ஆங்கிலத்தில் கேட்கிறது; இடையில் மொழிபெயர்ப்பவர் பல நேரங்களில் கூட்டிப் பெருக்க வந்த பணியாளர். போதாக்குறைக்கு, அரசு மருத்துவமனைகளில் பேச்சு, இயன்முறைப் பயிற்சியாளர்களில் பலர் படிப்பை முடித்ததும் ஓராண்டுக் கட்டாயச் சமூகப் பணிக்கு வந்தவர்கள். குடும்பத்தோடு பழகி வரும்போது டிசம்பர் வந்துவிடும். ஜனவரியில் புதியவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லோரையும் பரிந்துரைத்தால் மருத்துவமனை தாங்காது என்று சிலர் சொல்லக்கூடும். இப்போதும் வரிசை நீண்டுதான் இருக்கிறது. அதில் முன்னே நிற்பவர் யார் என்பதுதான் என் கேள்வி. கையேட்டில் ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்று விழுந்தால் பரிந்துரைக் கடிதம் தானாக எழுதப்பட வேண்டும். யாரும் கெஞ்ச வேண்டியிருக்கக் கூடாது. வீடு வீடாகச் செல்லும் சமூகச் சுகாதாரப் பணியாளர்களுக்கு அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்கினால், சிஸ்டரின் சுமை குறையும். கேள்விகள் அதிகபட்சம் ஐந்து நிமிட வேலை. 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இளங்குழந்தை வளர்ச்சி மையங்கள் சமூக மேம்பாட்டுத் துறையிலிருந்து கல்வித் துறையின் கீழ் வந்துவிட்டன. சிகிச்சையோ சுகாதாரத் துறையின் பொறுப்பு. இரு துறைகளும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லாவிட்டால் காப்பகத்தில் கண்டறியப்படும் குழந்தை நடுவில் விழுந்துவிடும்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரநாட்களில் பூட்டிக்கிடக்கும் கோவில் மண்டபங்களை மாதம் ஒருமுறை பயிற்சியாளர்களுக்குத் திறந்துவிட்டால், இரண்டு டாக்ஸி மாறும் செலவு பல குடும்பங்களுக்கு மிச்சமாகும். அந்த நாள் எந்த இனத்துக் குழந்தைக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் இருப்பவரை விலக்கிவிட்டு நம் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தினால் அதில் நியாயமில்லை.

தங்கள் செய்தித்தாளிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுண்டு. ஒவ்வொரு கிளினிக்கிலும் சென்ற ஆண்டு எத்தனை குழந்தைகளுக்கு வளர்ச்சிப் பரிசோதனை நடந்தது, எத்தனை பேர் பரிந்துரைக்கப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் பயிற்சியாளரை நேரில் பார்த்தார்கள் என்ற மூன்று எண்ணிக்கைகளைக் குவாசூலு-நேட்டால் சுகாதாரத் துறையிடம் தங்கள் நிருபர் எழுத்து மூலம் கேட்டு, வரும் பதிலை, பதில் வராவிட்டால் வராததை, இந்தப் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற செவிலி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.